பொறுப்பு முழுக்க, அதிகாரம் அரைகுறை: தலைமையாசிரியர்கள் ஏன் ஓய்ந்துபோகிறார்கள்?

தலைமையாசிரியர் வேலையைப் பற்றி ஆசிரியர் அறைகளில் ஒரு பேச்சு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அவருக்கென்ன, தனி அறை, வகுப்பு எடுக்க வேண்டாம், விடைத்தாள் திருத்த வேண்டாம், நாலு கையெழுத்துப் போட்டால் அன்றைய வேலை முடிந்தது. இப்படிப் பேசியவர்களில் சிலரே பிற்பாடு அந்த நாற்காலியில் போய் உட்காருகிறார்கள். ஓரிரு வருடத்தில் தூக்கம் கெட்டு, பேச்சில் சலிப்பு ஏறி, திரும்பவும் வகுப்பறைக்கே போய்விட்டால் என்ன என்று யோசிக்கவும் ஆரம்பிக்கிறார்கள்.

இது ஏதோ நாலைந்து பேரின் புலம்பல் கிடையாது. அமெரிக்காவில் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2022 ஜனவரியில் கேட்டபோது, வேலையால் அடிக்கடி மன அழுத்தம் வருவதாகச் சொன்ன பள்ளி முதல்வர்கள் 85 சதவீதம். ஆசிரியர்களில் அப்படிச் சொன்னவர்கள் 73 சதவீதம், மற்ற வேலைகளில் இருப்பவர்களில் 35 சதவீதம். அது கோவிட் காலம், எல்லாருக்குமே கஷ்டம்தான், சரி. ஆனால் அதே கோவிட்டைத்தான் மற்றவர்களும் பார்த்தார்கள். ஆசிரியர்களைவிடவும் முதல்வர்கள் மேலே நிற்கிறார்கள் என்றால் அந்த வேலைக்குள்ளேயே ஏதோ இருக்கிறது.

அது என்ன என்று பார்ப்பதற்கு முன்னால், இப்படி வேலையால் ஓய்ந்துபோவதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் பர்ன்அவுட் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்வோம். இன்று திங்கட்கிழமை அலுப்புக்குக்கூட அந்தப் பெயரை வைத்துவிடுகிறோம். 1974இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவமனையில் தொண்டாற்றியவர்களைப் பற்றி எழுதும்போதுதான் இந்த நிலை ஆய்வுலகத்தின் கண்ணில் பட்டது. கவனிக்க வேண்டியது, அவர்கள் சோம்பேறிகள் இல்லை. யாரும் கட்டாயப்படுத்தாமல் ஆசை ஆசையாக வந்து உழைத்தவர்கள். அப்புறம் உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், 1981இல் சூசன் ஜாக்சனோடு சேர்ந்து இதை அளக்க ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட் வேலை சார்ந்த ஒரு நிலையாக இடம்பெற்றது. அதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, இதை நோய் என்று அது சொல்லவில்லை. இன்னொன்று, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தின் விளைவு என்று சொல்கிறது. அதாவது, இவருக்கு மனோதிடம் பற்றவில்லை என்று ஆளை மட்டும் கைகாட்டிவிட்டுப் பணியிடம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள். முதலாவது சோர்வு, இது எல்லாருக்கும் தெரிந்தது. ஞாயிறு முழுக்கப் படுத்துக் கிடந்தும் தீராத சோர்வு. மூன்றாவது, நான் செய்கிற எதிலும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்ற நினைப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இரண்டாவதுதான் தலைமையாசிரியர் விஷயத்தில் ஆபத்தானது என்று எனக்குப் படுகிறது: வேலையிலிருந்தும் வேலையில் சந்திக்கும் மனிதர்களிடமிருந்தும் மனம் விலகிப்போவது, எல்லாவற்றையும் ஒரு கசப்போடு பார்ப்பது. ஒரு பையன் தொடர்ந்து தாமதமாக வந்தால், வீட்டில் என்ன நிலைமை என்று கேட்டுக்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் முகத்தைக்கூடப் பார்க்காமல், எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்கிறார். புதிய ஆசிரியர் ஒருவர் உற்சாகமாக ஒரு யோசனையோடு வந்தால், எல்லாம் செய்து பார்த்தாயிற்று என்று ஒரே வாக்கியத்தில் அனுப்பிவிடுகிறார். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது திமிராகத் தெரியும், கண்டிப்பு என்றுகூடச் சிலர் பாராட்டுவார்கள். உள்ளே நடப்பது, மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்ச தெம்பைக் காப்பாற்றிக்கொள்ள மனம் தானாகக் கதவைச் சாத்திக்கொள்வது.

ஒரு சாதாரணக் காலையை எடுத்துக்கொள்வோம். பள்ளி தொடங்க இன்னும் அரை மணி நேரம். இரண்டு ஆசிரியர்கள் வரவில்லை என்று செய்தி வருகிறது. டைம்டேபிளை விரித்து யாருடைய ஓய்வுப் பாடவேளையைப் பிடுங்குவது என்று தேட வேண்டும். விரல் போய் நிற்கும் பெயர், போன வாரமும் பிடுங்கிய அதே பெயர். அதற்குள் மேலிடத்திலிருந்து ஒரு மின்னஞ்சல், மாணவர் விவரம் வகுப்புவாரியாக, வயதுவாரியாக, மதியம் 12 மணிக்குள் வேண்டும். இதே விவரத்தைப் போன மாதம் கொடுத்தாயிற்று, ஆனால் அந்தப் படிவத்தில் வயதுப் பிரிவு வேறு மாதிரி இருந்ததால் பழையதை அப்படியே வெட்டி ஒட்டவும் முடியாது. வாசலில் ஒரு அப்பா, மகனை யாரோ அடித்துவிட்டார்கள் என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். மாடிக் கழிப்பறையில் குழாய் உடைந்து தண்ணீர் படியில் இறங்குகிறது. இத்தனைக்கும் நடுவில் ஒரு ஆசிரியை உள்ளே வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒருத்தியின் கையில் காயங்கள் இருக்கின்றன, எப்படி வந்தது என்று கேட்டால் பேச மறுக்கிறாள்.

இந்தக் கடைசி விஷயத்துக்கு ஒரு முழு நாள் கொடுத்தாலும் தகும். குழந்தையிடம் யார் பேசுவது, எப்படிப் பேசுவது, வீட்டுக்குத் தெரிவிப்பதா, தெரிவித்தால் நிலைமை மோசமாகுமா, சட்டப்படி யாருக்கு எத்தனை மணி நேரத்தில் தகவல் சொல்ல வேண்டும். ஒன்று தவறினாலும் ஒரு குழந்தையின் வாழ்க்கை. ஆனால் குழாயும் படிவமும் அந்த அப்பாவும் இதற்காக வரிசையில் காத்திருக்கப் போவதில்லை. எது எவ்வளவு பெரியது என்று பார்க்காமல் எல்லாம் ஒரே கதவைத் தட்டுகிறது, ஒரே பத்து நிமிடத்தில்.

நிர்வாகவியல் அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க், ஐந்து தலைமை நிர்வாகிகளைப் பின்தொடர்ந்து அவர்களுடைய நாளைக் குறித்துக்கொண்டதை 1973இல் நூலாக வெளியிட்டார். அந்த ஐவரில் ஒருவர் ஒரு பள்ளி அமைப்பின் தலைவர். அவர்கள் செய்த வேலைகளில் பாதி ஒன்பது நிமிடத்துக்கும் குறைவாகவே நீடித்தன. ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை பத்தில் ஒன்று. மின்னஞ்சலும் கைபேசியும் வருவதற்கு முந்தைய நிலைமை இது! ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது என்பதை நிர்வாகவியல் ஆய்வாளர் சோஃபி லெரோய் 2009இல் சோதனை செய்து காட்டினார். முந்தையதை முடிக்காமல் பாதியில் விட்டுவந்தால் இந்த ஒட்டல் இன்னும் அதிகம். தலைமையாசிரியர் எதையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதே அபூர்வம். அதனால்தான் மாலையில் ‘இன்றைக்கு என்ன செய்தீர்கள்’ என்று வீட்டில் கேட்டால் பதில் வராது, ஆனால் உடம்பு அடித்துப்போட்டது மாதிரி இருக்கும்.

வேலை நேரமும் குறைவில்லை. ஆஸ்திரேலியாவில் பள்ளித் தலைவர்களின் உடல்நலம், மனநலம் பற்றி 2011 முதல் வருடாவருடம் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடக்கிறது. வாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 55 மணி நேரம் வேலை பார்ப்பதாக அதில் திரும்பத் திரும்ப வருகிறது. விடுமுறையிலும் வேலை தொடர்கிறது. எது அதிகம் அழுத்துகிறது என்று கேட்டால் வருகிற பதிலில் முதல் இரண்டு இடங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை: வேலையின் அளவு, அப்புறம் கற்றல் கற்பித்தலைக் கவனிக்க நேரமில்லாமல் போவது. முதலாவது யாரும் எதிர்பார்க்கக்கூடியதுதான். இரண்டாவதில்தான் வலி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்துக்கு வந்ததே நல்ல ஆசிரியராக இருந்ததால்தான், வந்த பிறகு செய்ய முடியாமல் போவதும் அதைத்தான்.

ஆனால் நீண்ட நேரம் உழைப்பதால் மட்டும் மனிதர்கள் இப்படி ஆவதில்லை. சொந்தமாகத் தொழில் தொடங்கியவர் 70 மணி நேரம் உழைத்துவிட்டு உற்சாகமாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வித்தியாசம் எங்கே என்பதற்குச் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979இல் ஒரு விளக்கம் கொடுத்தார். வேலையின் கெடுபிடி அதிகமாக இருப்பதோடு, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருந்தால்தான் அழுத்தம் உடம்பைப் பிடிக்கிறது என்றார். 1988இல் ஜான்சன், ஹால் என்ற இருவர் இதில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: தோள் கொடுக்க ஆள் இல்லாமல் இருப்பது. கெடுபிடி அதிகம், பிடி குறைவு, துணை இல்லை. இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம்தான் மிக மோசமான இடம்.

இப்போது அந்த நாற்காலியைப் பாருங்கள். கதவில் பெயர்ப்பலகை இருக்கிறது, பார்ப்பவருக்கு அவர்தான் அந்த வளாகத்தின் ராஜா. உண்மையில் எந்த ஆசிரியரை வேலைக்கு எடுப்பது என்பது பல இடங்களில் அவர் கையில் இல்லை. ஒழுங்காக வேலை செய்யாதவரை மாற்றுவதும் இல்லை. பாடத்திட்டம் மேலிருந்து வருகிறது, நிதி மேலிருந்து வருகிறது, அல்லது வராமல் இருக்கிறது. ஆனால் தேர்ச்சி விகிதம் குறைந்தாலோ, சுவர் இடிந்தாலோ, ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனாலோ முதலில் கூப்பிடப்படுபவர் அவர். மேலே அதிகாரிகளோ நிர்வாகமோ, கீழே ஆசிரியர்களும் பெற்றோர்களும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இவர்களுக்காகவே சொல்லப்பட்டது போலிருக்கிறது. தான் சம்மதிக்காத ஒரு உத்தரவைக்கூட, ஆசிரியர் கூட்டத்தில் தன்னுடைய சொந்த யோசனை போல எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு எழும் கோபத்தையும் அவரே வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் அவர் முகத்தில் காட்டுவது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. இதுவும் உழைப்புதான் என்று சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களை வைத்து விளக்கினார். தோன்றாத உணர்வை முகத்தில் காட்டிக்கொண்டே இருப்பவர்களுக்குச் சோர்வு அதிகம் என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. தலைமையாசிரியருக்கு இதிலிருந்து ஓய்வே கிடையாது. கத்துகிற பெற்றோரிடம் நிதானம், பயந்துபோன ஆசிரியரிடம் தைரியம், அதிகாரியிடம் பணிவு, மேடையில் மலர்ச்சி. ஒரு மணி நேரத்துக்குள் நாலு முகம். கத்துவது கத்தலோடு நின்றாலும் பரவாயில்லை. நான் முன்பு சொன்ன ஆஸ்திரேலியக் கணக்கெடுப்பின்படி, உடல்ரீதியான வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பள்ளித் தலைவர்கள் 2011இல் சுமார் 27 சதவீதம். 2023இல் அது 48 சதவீதமாகிவிட்டது. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் அபாயமோ வாழ்க்கைத்தரம் மோசமாகக் கெட்டிருப்பதோ ஒருவருடைய பதில்களில் தெரிந்தால், உதவி தேடச் சொல்லி அவருக்கு ஒரு எச்சரிக்கை மின்னஞ்சல் போகும்படி அந்தக் கணக்கெடுப்பை அமைத்திருக்கிறார்கள். 2022இல் பதில் சொன்னவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்களுக்கு அந்த மின்னஞ்சல் போயிருக்கிறது.

தனிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றில் இதுதான் குறைவாகப் பேசப்படுவது. ஆசிரியருக்கு ஆசிரியர் அறை இருக்கிறது. கோபம் வந்தால் போய்க் கொட்டலாம், பக்கத்து வகுப்புக்காரரிடம் கேட்கலாம். தலைமையாசிரியரின் நிலையில் இருப்பவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். துணைத் தலைமையாசிரியரிடம் ஓரளவு பேசலாம், ஆனால் நாளை அவரைப் பற்றியே அறிக்கை எழுத வேண்டியவர் இவர். மேலதிகாரியிடம் முடியவில்லை என்று சொன்னால் அது பணிப் பதிவில் எங்கே போய் உட்காருமோ என்ற பயம். பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசலாமென்றால், பள்ளிகளை வரிசைப்படுத்தி வைத்திருக்கும் அமைப்பில் அவர் போட்டியாளர். வீட்டில் சொல்லலாம்தான், ஆனால் பாதி விஷயங்கள் ரகசியம், சொல்லக்கூடாதவை.

இங்கிலாந்தில் ரெடிங் நகரின் கேவர்ஷம் தொடக்கப்பள்ளியில் 2022 நவம்பரில், பள்ளிகளை ஆய்வு செய்து தரம் சொல்லும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வு நடந்தது. மிகச்சிறந்தது என்ற தரத்தில் இருந்த பள்ளி, ஒரே ஒரு சொல்லில், போதாது என்ற கடைசித் தரத்துக்கு இறங்கப்போகிறது என்று தெரிந்தது. ஆனால் அறிக்கை வெளியாகும்வரை அதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தலைமையாசிரியர் ரூத் பெர்ரி 2023 ஜனவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வு அவருடைய மரணத்துக்கு ஒரு காரணமாக அமைந்தது என்று மரண விசாரணை அதிகாரி அதே ஆண்டு டிசம்பரில் அறிவித்தார். இந்த ரகசியக் கட்டுப்பாட்டையும் கவலைக்குரியதாகக் குறிப்பிட்டார். ஒரே சொல்லில் மொத்தப் பள்ளியையும் தீர்ப்பிடும் வழக்கம் 2024 செப்டம்பரில் கைவிடப்பட்டது. ஒரு தற்கொலைக்கு ஒரே காரணம் என்று எதையும் சொல்லிவிட முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் ஒருவர் தன் வாழ்க்கையிலேயே கடினமான வாரங்களைக் கடந்துகொண்டிருக்கும்போது, அதை யாரிடமும் மனம்விட்டுப் பேச முடியாதபடி ஒரு விதி இருந்தது, பல வருடங்கள் அது யாருக்கும் விபரீதமாகவும் படவில்லை.

சரி, இதற்கெல்லாம் பொதுவாக என்ன செய்கிறார்கள்? பயிலரங்கு நடத்துகிறார்கள். மூச்சுப்பயிற்சி, நேர மேலாண்மை, நேர்மறைச் சிந்தனை என்று அரை நாள். அந்த அரை நாளில் மேசையில் சேர்ந்த வேலையை இரவில் உட்கார்ந்து முடிக்க வேண்டும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூச்சுப்பயிற்சி கெட்டது என்று சொல்லவில்லை, செய்பவர்களுக்குக் கொஞ்சம் பலன் இருக்கத்தான் செய்கிறது. மருத்துவர்களின் பர்ன்அவுட்டைக் குறைக்கச் செய்த முயற்சிகளைத் தொகுத்து 2017இல் ஒரு பகுப்பாய்வு வந்தது. தனிமனிதருக்குப் பயிற்சி கொடுப்பதைவிட, வேலை நேரம், பணி ஒதுக்கீடு என்று அமைப்பில் கை வைத்த இடங்களில் பலன் கூடுதல் என்றது. பள்ளி வேறு, மருத்துவமனை வேறு என்றாலும் இந்தத் திசை சரி என்றே நினைக்கிறேன்.

அமைப்பில் கை வைப்பது என்றால் பெரிய புரட்சி ஒன்றும் தேவையில்லை. ஒரு புதிய படிவம் அனுப்புவதற்கு முன்னால், இந்த விவரம் ஏற்கெனவே எங்கள் கையில் இருக்கிறதா என்று அனுப்புகிறவர் ஒருமுறை தேடிப் பார்க்கலாம். ஒன்று கூடினால் ஒன்று குறைய வேண்டும் என்று விதியே வைத்துவிடலாம். பள்ளிகளில் வேலை கூடிக்கொண்டே போவதற்கு முக்கியக் காரணம், எதையும் யாரும் நிறுத்துவதில்லை என்பதுதான். பத்து வருடத்துக்கு முன் ஏதோ ஒரு சம்பவத்துக்காகத் தொடங்கிய பதிவேடு, சம்பவம் மறந்துபோன பின்னும் மாதாமாதம் நிரப்பப்பட்டுக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 2000களின் தொடக்கத்தில் வேறொரு வழியை முயன்றார்கள். குழாய், பேருந்து, கணக்கு போன்றவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு நிர்வாக மேலாளரைப் போட்டு, முதல்வரின் நேரம் எங்கே போகிறது என்று கணக்கெடுத்து, வகுப்பறைப் பக்கம் அதைத் திருப்பப் பார்த்தார்கள். பிறகு வேறு மாநிலங்களுக்கும் அது பரவியது. ஒரே தலைமைப் பதவியை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் பள்ளிகளும் இங்கிலாந்தில் உண்டு. அது எல்லாருக்கும் ஒத்துவராது. இரண்டு பேருக்கும் மனம் ஒத்துப்போகவில்லையென்றால் நிலைமை முன்பைவிட மோசம்.

தனிமைக்கு மருந்து மலிவானது, ஆனாலும் செய்வதில்லை. தன்னை மதிப்பிடும் அதிகாரம் இல்லாத, அதே வேலையைச் செய்த அனுபவமுள்ள ஒருவரோடு மாதம் ஒருமுறை பேச நேரம். சமூகப் பணியாளர்களுக்கும் மனநல ஆலோசகர்களுக்கும் இப்படிப் பேசும் நேரம் வேலையின் ஒரு பகுதியாகவே பல நாடுகளில் இருக்கிறது. அந்தக் காயம்பட்ட குழந்தையின் கதையைக் கேட்டு முடிவெடுக்க வேண்டிய தலைமையாசிரியருக்கு மட்டும் அது எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

தலைமையாசிரியர்கள் பக்கத்திலும் ஒரு பங்கு இருக்கிறது, அதை மறைப்பானேன். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று கதவைத் திறந்தே வைத்திருப்பதைப் பெருமையாக நினைப்பவர்கள் அதிகம். நானே செய்தால்தான் சரியாக வரும் என்று மணி அடிக்கும் நேரத்தைக்கூடத் தன் கையிலேயே வைத்திருப்பவர்களும் உண்டு. இரவு பதினொன்றரைக்கு ஆசிரியர் குழுவில் ஒரு செய்தியைப் போட்டுவிட்டு, காலையில் பார்த்தால் போதும் என்று அடியில் எழுதுவார்கள். அதைப் படித்த நாற்பது பேருக்கும் தூக்கம் போனதுதான் மிச்சம். இவையெல்லாம் தன்னால் மாற்றிக்கொள்ளக்கூடியவை. ஆனால் சபீன் சொன்னென்டாக் என்ற ஜெர்மன் உளவியலாளர் சுட்டிக்காட்டும் ஒரு முரணை இங்கே நினைவில் வைக்க வேண்டும்: யாருக்கு ஓய்வு அதிகமாகத் தேவையோ அவருக்குத்தான் ஓய்வெடுப்பது கடினமாக இருக்கிறது. அழுத்தம் கூடக் கூட வேலையிலிருந்து மனத்தைப் பிரித்தெடுக்க வருவதில்லை, நடைப்பயிற்சியும் உறக்கமும்தான் முதலில் போகின்றன. ஆகவே அந்த நிலைக்குப் போய்விட்டவரிடம் கொஞ்சம் ரிலாக்ஸாக இருங்கள் என்று சொல்வதில் பயனில்லை, யாராவது அவர் மேசையிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போக வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே வேண்டாம் போலிருக்கிறது என்றால் அது வேலைச்சோர்வின் எல்லையைத் தாண்டிவிட்டது. அப்போது தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

விடுப்பு எடுத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எடுத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள். பொறுப்பில் இருப்பவருக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்காது, சம்பளப் பட்டியல் அப்படியே நிற்கும், மூன்றாம் நாளே கைபேசி அடிக்கும், ‘சார், ஒரே ஒரு சந்தேகம்’ என்று. இரண்டு வாரம் கழித்துத் திரும்பினால் இரண்டு வாரக் கோப்புகள் அடுக்காகக் காத்திருக்கும், முதல் வாரத்திலேயே விடுப்பின் பலன் கரைந்துவிடும். விடுப்புக் கடிதத்தில் ஒப்புதல் போடும்போதே, அந்த நாட்களுக்கு முழு அதிகாரத்தோடு ஒருவரை நியமிக்கும் ஆணையையும் சேர்த்துப் போடுவது ஒன்றும் கடினமான காரியமில்லை. ஒரு பக்கக் காகிதம் அது.